பழி மாநிலங்கள் மீதா, சட்டத்தின் மீதா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் நண்பர்களே, அவை நிறைந்த பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"1789-க்கு முந்தைய அமெரிக்க அரசு தள்ளாடியதற்குப் பெரிதும் காரணம் மாநிலங்களின் சுயநலமா, அந்த அரசை உருவாக்கிய சட்டத்தின் அமைப்பா?" என்பது இன்று நமக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று செய்திகளைச் சொல்லி அமர்ந்தார். சட்டம் நல்ல சட்டம்தான், அதன்படி நடக்க வேண்டிய மாநிலங்கள்தாம் நடக்கவில்லை என்பது முதலாவது. விடுதலைப் போருக்குப் பின் நாடே கடனில் மூழ்கிக் கிடந்தபோது எந்தச் சட்டம் இருந்திருந்தாலும் இதே கதிதான் என்பது இரண்டாவது. மேற்கு நிலங்களுக்கு அந்த அரசு செய்த ஏற்பாடுகளைப் பார்த்தால் அதனைக் கையாலாகாத அரசு என்று சொல்ல முடியாது என்பது மூன்றாவது. மூன்றும் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கின்றன. ஆனால் மூன்றையும் அந்த எட்டு ஆண்டு வரலாற்றோடு பொருத்திப் பார்த்தால், அவை எங்கள் அணிக்கே சாட்சி சொல்ல வருகின்றன என்பதே என் வாதம்.

முதலில் அந்தச் சட்டம், அதாவது கூட்டமைப்பு விதிகள், எப்படிப் பிறந்தது என்பதைப் பார்ப்போம். விடுதலைப் பிரகடனம் வெளியான 1776-ஆம் ஆண்டிலேயே பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜான் டிக்கின்சன் ஒரு வரைவை எழுதிக் கொடுத்தார். அதில் மத்திய அவைக்கு ஓரளவு வலிமை இருந்தது. பதின்மூன்று மாநிலங்களின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் அவை அதை ஓராண்டுக்கு மேல் விவாதித்தது. வட கரோலினாவின் தாமஸ் பர்க் வற்புறுத்தியதன் பேரில், வெளிப்படையாக ஒப்படைக்கப்படாத ஒவ்வோர் அதிகாரத்தையும் மாநிலமே வைத்துக்கொள்ளும் என்ற பிரிவைச் சேர்த்தது. அதன் பின்னரே 1777 நவம்பர் 15-இல் கூட்டமைப்பு விதிகளுக்கு ஒப்புதல் அளித்தது. மேற்கு நிலங்கள் யாருக்கு என்ற தகராறில் மேரிலாந்து கையெழுத்திட மறுத்ததால், அந்த விதிகள் நடைமுறைக்கு வர 1781 மார்ச் 1 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பதின்மூன்று பேரும் ஒப்பினால்தான் தொடங்க முடியும் என்ற நிபந்தனை, தொடங்குவதற்கே மூன்று ஆண்டுகளுக்கு மேல் தின்றுவிட்டது.

அவர்கள் ஏன் இப்படி எழுதினார்கள் என்று கேட்டால், அதற்கு ஒரு மனிதக் காரணம் இருக்கிறது. அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. கடல் கடந்து இருந்த ஒரு நாடாளுமன்றம் தங்களைக் கேட்காமல் வரி விதித்ததை எதிர்த்துத் துப்பாக்கி எடுத்தவர்கள் அவர்கள். அந்த நெருப்பு அணையாத நேரத்தில், தொலைவில் இருக்கும் இன்னோர் அவைக்கு வரி விதிக்கும் அதிகாரத்தைக் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அச்சம் நியாயமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அச்சம் எழுதிய சட்டத்தில் வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. வணிகத்தை முறைப்படுத்தும் அதிகாரம் இல்லை. ஆணைகளை நிறைவேற்ற ஒரு நிர்வாகத் தலைவர் இல்லை. கடற்போரில் பிடிபட்ட கப்பல்கள் பற்றிய மேல்முறையீடுகளை விசாரிக்கும் நீதிமன்றத்தைத் தவிர வேறு நிலையான நீதிமன்றமும் இல்லை. பெரிய மாநிலமோ சிறிய மாநிலமோ, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வாக்கு. போர், உடன்படிக்கை, கடன், செலவு ஆகிய எதற்கும் ஒன்பது மாநிலங்கள் இசைய வேண்டும். சட்டத்தில் ஓர் எழுத்தை மாற்றுவதாக இருந்தாலும் பதின்மூன்று சட்டமன்றங்களும் இசைய வேண்டும். நடுவர் அவர்கள் இந்தக் கடைசி விதியை மட்டும் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

இப்போது பணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எதிரணியின் வழக்கு முழுவதும் பணத்தின் மீதுதான் நிற்கிறது. காங்கிரஸ் அவை ஒவ்வோர் ஆண்டும் செலவைக் கணக்கிட்டு, நிலங்களின் மதிப்புக்கு ஏற்ப ஒவ்வொரு மாநிலமும் இவ்வளவு தர வேண்டும் என்று பங்கு பிரித்துக் கேட்கும். கேட்கும், அவ்வளவுதான். நம் ஊர்களில் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அங்கே கூட வரி கொடுக்காத வீட்டுக்கு மரியாதை கிடைக்காது என்ற ஒரு கட்டுப்பாடு உண்டு. பதின்மூன்று மாநிலங்களின் காங்கிரஸுக்கு அந்தக் கட்டுப்பாடு கூட இல்லை. கொடுக்காத மாநிலத்தின் வாக்கை நிறுத்த முடியாது, அதன் துறைமுகத்தில் ஒரு காசு பிடிக்க முடியாது, அதன் குடிமகன் ஒருவனிடமிருந்து நேரடியாக ஒரு செப்புக் காசு வாங்க முடியாது. 1782-ஆம் ஆண்டுச் செலவுக்காகக் காங்கிரஸ் கேட்ட தொகை 80 லட்சம் டாலர். அந்த ஆண்டு முடிந்து 1783 பிறந்தபோது வந்து சேர்ந்திருந்தது 5 லட்சம் டாலருக்கும் குறைவு. நிதிப் பொறுப்பை ஏற்றிருந்த பிலடெல்பியா வணிகர் ராபர்ட் மோரிஸ் தம் சொந்தப் பெயரின் நம்பகத்தன்மையை ஈடாக வைத்துக் கைச்சீட்டுகள் எழுதிக் கொடுத்துதான் பல செலவுகளைச் சமாளித்தார்.

இந்த இடத்தில் எதிரணித் தலைவர், "போரில் வென்றது இந்தச் சட்டத்தின் கீழ்தானே?" என்று ஒரு கேள்வியைப் போகிற போக்கில் வீசினார். யார்க்டவுன் வெற்றி 1781 அக்டோபரில் கிடைத்தது, உண்மை. அந்தப் படை தெற்கே போகும் வழியில், சம்பளம் கிடைக்காமல் முணுமுணுத்த வீரர்களுக்கு ஒரு மாதச் சம்பளத்தை வெள்ளி நாணயமாகக் கொடுக்க மோரிஸ் எங்கே போய்க் கடன் வாங்கினார் தெரியுமா? பிரெஞ்சுத் தளபதி ரோஷம்போவின் படைப் பெட்டியிலிருந்து 20,000 டாலர் வாங்கினார். தன் படைக்குச் சம்பளம் கொடுக்க நட்பு நாட்டின் படைச் செலவுப் பணத்தைக் கடன் கேட்டு நின்ற அரசை வலிமையான அரசு என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு எதிரணித் தலைவரின் நாவன்மைதான் வேண்டும்.

மாநிலங்களின் சுயநலத்துக்கு ரோட் ஐலண்டையும் நியூயார்க்கையும் எதிரணி சான்றாகக் காட்டியது. அந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டு வாங்கும் முறை பயன்படவில்லை என்று கண்ட காங்கிரஸ், 1781-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே, வெளிநாட்டுச் சரக்குகள் மீது நூற்றுக்கு 5 வீதம் இறக்குமதித் தீர்வை விதிக்கும் அதிகாரத்தை மட்டும் தனக்குத் தருமாறு மாநிலங்களைக் கேட்டது. பெரும்பாலான மாநிலங்கள் இசைந்து வந்த நிலையில், 1782 நவம்பரில் ரோட் ஐலண்டின் சட்டமன்றக் கீழவை ஒருமனதாக மறுத்தது. உடனே வர்ஜீனியாவும் கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. திட்டம் அங்கேயே மடிந்தது. 1783-இல் காங்கிரஸ் பணிவைக் கூட்டி, அதிகாரத்தைக் குறைத்து, 25 ஆண்டுகளுக்கு மட்டும், வசூல் அதிகாரிகளை மாநிலங்களே நியமித்துக்கொள்ளலாம் என்ற சலுகையோடு மீண்டும் கேட்டது. மூன்று ஆண்டுகள் ஒவ்வொரு மாநிலமாக இசைந்து, கடைசியில் எல்லாரும் நியூயார்க்கின் முகத்தைப் பார்த்து நின்றார்கள். தன் துறைமுகத்தின் சுங்க வருவாயில் செழித்திருந்த நியூயார்க், ஏற்க முடியாத நிபந்தனைகளைப் போட்டு ஒப்புதல் தந்தது. சட்டமன்றத்தைச் சிறப்புக் கூட்டமாகக் கூட்டி மறுபரிசீலனை செய்யுங்கள் என்று காங்கிரஸ் கேட்டபோது, ஆளுநர் ஜார்ஜ் கிளின்டன் கூட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்.

நியூயார்க் சுயநலமாக நடந்தது, ஐயமில்லை. ஆனால் நடுவர் அவர்களே, ஒரு சுயநலம் ஒரு நாட்டையே நிறுத்திவைக்கும் வலிமையை எங்கிருந்து பெற்றது? 1790-ஆம் ஆண்டு எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கில் நாட்டின் மொத்த மக்கள் சுமார் 39 லட்சம். அதில் ரோட் ஐலண்டின் மக்கள் சுமார் 69 ஆயிரம். அந்தச் சின்னஞ்சிறு மாநிலத்தின் ஒற்றை மறுப்பு, கடன் கொடுத்தவர்களின் முன் நாட்டின் முகத்தைத் தாழ்த்தும் அளவுக்கு வலிமை பெற்றது, திருத்தத்துக்குப் பதின்மூன்று பேரும் இசைய வேண்டும் என்ற விதியால்தான். ரோட் ஐலண்டின் மனத்தில் இருந்த சுயநலம் மற்ற மாநிலங்களின் மனத்திலும் இருந்தது. உலகத்தில் எந்த நாட்டில் இல்லை? பூட்டைச் செய்து, சாவியைப் பதின்மூன்று துண்டாக்கி, எல்லாத் துண்டும் சேர்ந்தால்தான் திறக்கும் என்று வைத்தது சட்டம். ஒரு துண்டு தொலைந்ததற்காகத் தொலைத்தவரை மட்டும் ஏசிக்கொண்டிருக்கிறது எதிரணி.

"போருக்குப் பின் எல்லாரும் ஏழைகள்" என்ற இரண்டாவது வாதத்துக்கு இப்போதே நீண்ட விடை தரப் போவதில்லை. கையில் காசு இல்லாதவன் தீர்வை விதிக்கும் அதிகாரத்தை மறுக்க மாட்டான்; நியூயார்க் மறுத்தது, தன்னிடம் சுங்க வருமானம் இருந்ததால். மீதியை இறுதியில் எண்களோடு சொல்கிறேன்.

சம்பளம் கிடைக்காத வீரர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பார்ப்போம். 1783 ஜூன் 21-இல், நிலுவைச் சம்பளத்தைக் கேட்டுச் சுமார் 400 வீரர்கள், பிலடெல்பியாவில் காங்கிரஸ் கூடும் கட்டடத்தைச் சூழ்ந்து நின்றார்கள். விடுதலைப் பிரகடனம் கையெழுத்தான அதே கட்டடம் அது. உள்ளே இருந்த பிரதிநிதிகள் பென்சில்வேனிய அரசிடம் குடிப்படையை அழைத்துத் தங்களைக் காக்கும்படி வேண்டினார்கள். குடிப்படை வருமா என்பதே ஐயம் என்று சொல்லி மாநில நிர்வாகக் குழு தயங்கியது. அந்தக் குழுவின் தலைவர் யார் என்று கேட்டால் வியப்பீர்கள்: கூட்டமைப்பு விதிகளின் முதல் வரைவை எழுதிய அதே ஜான் டிக்கின்சன். அவர் நெஞ்சில் ஈரமற்றவர் அல்லர். அவருடைய நிலையில் வேறு எவர் இருந்தாலும் தம் மாநிலத்தின் அமைதியைத்தான் முதலில் எண்ணியிருப்பார். ஆனால் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு காவலாளி கூட இல்லாமல் ஒரு நாட்டின் அவை, இருக்கும் ஊரின் தயவை நாடி நின்றது. தயவு கிடைக்காததால் அவை பிரின்ஸ்டனுக்குப் பெயர்ந்தது. பிறகு அன்னாபொலிஸ், பிறகு டிரென்டன், 1785-இல் நியூயார்க் என்று ஊர் ஊராக அலைந்தது. போர் முடிந்தபின் 1784-இல் அந்த அரசு தன் நிலையான படையை எத்தனை பேராகக் குறைத்தது என்றால், 80 பேராக. கிடங்குகளைக் காவல் காக்க வேண்டிய அளவு, அதற்கு மேல் இல்லை.

அவை அலைந்தது என்றேன். அவைக்கு வந்து உட்காரக் கூட ஆள் கிடைக்காமல் திண்டாடியது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1783 செப்டம்பர் 3-இல் பாரிஸில் பிரிட்டனோடு அமைதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இரு நாடுகளும் ஆறு மாதத்துக்குள் உறுதி செய்து பத்திரங்களை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. எட்டு ஆண்டுகள் இரத்தம் சிந்திப் பெற்ற விடுதலையை உலகின் முன் உறுதி செய்யும் ஆவணம் அது. அதை உறுதி செய்ய ஒன்பது மாநிலங்கள் வேண்டும். அன்னாபொலிஸில் குளிரோடு குளிராக உட்கார்ந்திருந்தவை ஏழு. ஏழு பேரே உறுதி செய்துவிடலாமா என்ற விவாதம் எழுந்தபோது, விதியை மீறினால் பிரிட்டன் பின்னாளில் அதையே காரணம் காட்டும் என்று தாமஸ் ஜெபர்சன் எச்சரித்தார். கடைசியாக 1784 ஜனவரி 14-இல்தான் ஒன்பது மாநிலங்கள் கூடி உறுதி செய்தன. பத்திரம் கடலைக் கடந்து பாரிஸ் போய்ச் சேர்வதற்குள் கெடு தாண்டிவிட்டது. பிரிட்டன் அதைப் பெரிதுபடுத்தாமல் விட்டது அவர்கள் காட்டிய பெருந்தன்மை என்றே வைத்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு நவம்பரில் ஜான் ஹான்காக்கைக் காங்கிரஸின் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். உடல்நலம் சரியில்லாத அவர் ஒரு நாளும் வந்து தலைமை இருக்கையில் அமரவில்லை. 1786-இல் கடிதம் எழுதி விலகிக்கொண்டார். தலைவர் வராததால் அந்த அரசின் வேலை எதுவும் பெரிதாகக் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை என்பதுதான் இதில் வேதனையான செய்தி.

இப்படிப்பட்ட அரசை அயல்நாடுகள் எப்படி மதிக்கும்? உடன்படிக்கையின்படி டெட்ராய்ட், நயாகரா, ஆஸ்வீகோ முதலிய எல்லைக் கோட்டைகளைப் பிரிட்டன் காலி செய்ய வேண்டும். காலி செய்யவில்லை. ஏன் என்று கேட்டால், நீங்கள் மட்டும் உடன்படிக்கையைக் காப்பாற்றினீர்களா என்று திருப்பிக் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. பிரிட்டிஷ் வணிகர்களுக்குச் சேர வேண்டிய கடனை வசூலிக்கத் தடை இருக்கக் கூடாது என்று காங்கிரஸ் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தது. பல மாநிலங்கள் அந்த வசூலுக்குத் தடை போட்டுச் சட்டம் இயற்றின. மாநிலச் சட்டத்தைத் தள்ளிவைக்கக் காங்கிரஸுக்கு நீதிமன்றம் இல்லை. வெளியுறவுச் செயலராக இருந்த ஜான் ஜே, 1786-இல் அளித்த அறிக்கையில், உடன்படிக்கையை மீறியதில் நம் பக்கத் தவறும் பெரிது என்று தம் அரசிடமே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 1785-இல் வணிக உடன்படிக்கை பேசப் போன அமெரிக்கத் தூதர்களிடம், பாரிஸில் இருந்த பிரிட்டிஷ் தூதர் டார்செட் கோமகன், உங்களுக்கு அதிகாரம் தந்திருப்பது காங்கிரஸா, தனித்தனி மாநிலங்களா என்று கேட்டு எழுதினார். அதில் இகழ்ச்சி இருந்தது என்பது மெய். ஆனால் சட்டத்தைப் படித்துப் பார்த்த எவரும் அதைக் கேட்டிருப்பார்.

அதே 1785-இல் வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸ் கொள்ளைக் கப்பல்கள் மரியா, டாபின் என்ற இரண்டு அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்து, 21 பேரைச் சிறை கொண்டுபோயின. மீட்புப் பணம் கொடுக்கக் காங்கிரஸிடம் பணம் இல்லை. போரிட்டு மீட்கக் கடற்படையும் இல்லை. அவர்களில் உயிரோடு எஞ்சியவர்கள் விடுதலையானது 1796-இல், புதிய அரசமைப்பின் கீழ். அந்த மாலுமிகளைச் சிறையில் வைத்தது எந்த மாநிலத்தின் சுயநலம் என்பதை எதிரணி சொல்லட்டும்.

வணிகத்தில்தான் என் வாதத்தின் உயிர் நிலை இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆகவே சற்று நின்று பேச நடுவர் அனுமதிக்க வேண்டும். போர் முடிந்ததும், 1783 ஜூலையில், பிரிட்டன் தன் மேற்கிந்தியத் தீவுகளின் வணிகத்தை அமெரிக்கக் கப்பல்களுக்கு மூடியது. அதற்கு எதிர் நடவடிக்கை எடுக்கக் காங்கிரஸுக்கு அதிகாரம் இல்லை. எதிரணி சொல்வது போல எல்லா மாநிலங்களும் சுயநலத்தில் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. மாசசூசெட்ஸ் துணிந்து எழுந்தது. 1785-இல் தன் துறைமுகங்களில் பிரிட்டிஷ் கப்பல்கள் ஏற்றுமதிச் சரக்கு ஏற்றக் கூடாது என்று சட்டம் போட்டது. நாட்டுக்காகத் தன் வருமானத்தைப் பணயம் வைத்த செயல் அது. என்ன நடந்தது? எல்லா மாநிலங்களும் சேர்ந்து செய்யாத தடை எப்படி நிற்கும்? ஒரு துறைமுகத்தில் தடை என்றால் கப்பல் அடுத்த துறைமுகத்துக்குப் போகும். வணிகமும் கூடவே போகும். மறு ஆண்டே மாசசூசெட்ஸ் தன் சட்டத்தை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

இதை ஆழ்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தச் சட்ட அமைப்பில், பொதுநலத்துக்காக முன்வந்த மாநிலம் நட்டப்பட்டது. ஒதுங்கி நின்ற மாநிலம் இலாபம் அடைந்தது. பங்குத்தொகையிலும் இதே கதைதான். ஒரு மாநிலம் தன் மக்களைக் கசக்கி வரி வாங்கிப் பங்கை அனுப்பினால், அனுப்பாத மாநிலத்தின் சுமையையும் அதுவே சுமந்ததாகும். அடுத்த முறை அதன் சட்டமன்றத்தில் ஒருவர் எழுந்து, "அவர்கள் தராதபோது நாம் மட்டும் ஏன்?" என்று கேட்பார், அவருக்கு யாராலும் விடை சொல்ல முடியாது. 1786-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூஜெர்சி இப்படித்தான் கேட்டது. தன் மக்கள் வாங்கும் சரக்கெல்லாம் நியூயார்க் துறைமுகம் வழியாக வர, அதன் தீர்வையை நியூயார்க் தன் பெட்டியில் போட்டுக்கொள்ள, அதே நியூயார்க் காங்கிரஸுக்குத் தீர்வை அதிகாரத்தை மறுத்தது. அது இசையும் வரை நாங்களும் ஒரு காசு தர மாட்டோம் என்று நியூஜெர்சி தீர்மானம் போட்டது. காங்கிரஸ் ஒரு தூதுக்குழுவை அனுப்பிக் கெஞ்ச வேண்டியிருந்தது. தீர்மானத்தைத் திரும்பப் பெற்ற நியூஜெர்சி, பணத்தை அனுப்பவில்லை. எதிரணி இதைச் சுயநலம் என்கிறது. நல்லவனையும் ஓரிரு ஆண்டுகளில் சுயநலக்காரனாக மாற்றிவிடும் விதிகளை எழுதி வைத்துவிட்டு, மாறியவனைப் பழிப்பதில் என்ன நீதி இருக்கிறது?

ஷேஸ் கிளர்ச்சியைப் பற்றி எதிரணியில் ஒருவர் பேசினார். 1786-இல் மேற்கு மாசசூசெட்ஸின் உழவர்கள், கடனுக்கும் வரிக்கும் நிலத்தை இழந்துகொண்டிருந்த நிலையில், நீதிமன்றங்களைக் கூடவிடாமல் தடுத்தார்கள். விடுதலைப் போரில் கேப்டனாக இருந்த டேனியல் ஷேஸ் அவர்களுள் முன்னணியில் நின்றார். வரியைக் கடுமையாக வைத்தது மாநிலச் சட்டமன்றம்தானே, மத்திய அரசின் பலவீனத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றார் அந்த எதிரணி நண்பர். பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். மாநிலத்தின் வரிக் கொள்கை கொடியது. உழவர்களின் குறை உண்மையானது. ஆனால் அவர்கள் குறி வைத்த ஸ்பிரிங்பீல்டு ஆயுதக் கிடங்கு யாருடையது? காங்கிரஸுடையது. தன் கிடங்கைத் தானே காக்கக் காங்கிரஸிடம் படை இல்லை. படை திரட்டுவதற்கு 1786 அக்டோபரில் தீர்மானம் போட்டபோதும், உண்மைக் காரணத்தைச் சொல்ல அஞ்சி, மேற்கு எல்லையில் பழங்குடிகளின் ஆபத்து என்று ஒரு சாக்குச் சொன்னது. அந்தப் படைக்கான பணமும் மாநிலங்களிடமிருந்து வரவில்லை. 1787 ஜனவரி 25-இல் கிடங்கைக் காத்து நின்றது மாநிலக் குடிப்படை. கிளர்ச்சியை அடக்கப் புறப்பட்ட ஜெனரல் பெஞ்சமின் லிங்கனின் படைக்குச் செலவு செய்தவர்கள் பாஸ்டன் வணிகர்கள். கடன்பட்டவர்களின் கிளர்ச்சியை அடக்கக் கடன் கொடுத்தவர்கள் பணம் போட்டுப் படை திரட்டும் நிலைக்கு ஒரு நாடு வந்துவிட்டால், அங்கே அரசு என்று எதைச் சொல்வது?

எதிரணியின் வலிமையான அம்பு மேற்கு நிலங்கள் பற்றியது. 1785-இல் நிலத்தை அளந்து விற்க ஒரு சட்டம். 1787 ஜூலை 13-இல் வடமேற்கு நிலப்பரப்பை ஆளவும், அங்கே அடிமை முறையைத் தடுக்கவும், அந்தப் பகுதிகள் வளர்ந்ததும் பழைய மாநிலங்களுக்குச் சமமான மாநிலங்களாகச் சேர்த்துக்கொள்ளவும் ஒரு சட்டம். இவை பெரிய சாதனைகள் என்பதை மனமார ஒப்புகிறேன். ஆனால் இரண்டு செய்திகளை எதிரணி விட்டுவிட்டது. அந்த நிலம் எந்த மாநிலத்தின் கையிலும் இல்லை. மாநிலங்கள் தம் உரிமையை விட்டுக்கொடுத்தபின் அது காங்கிரஸின் நேரடிப் பொறுப்பில் வந்தது. இடையில் ஒரு மாநிலச் சட்டமன்றம் இல்லாமல் நேராகச் செயல்பட முடிந்த ஒரே இடத்தில் அதே காங்கிரஸ், அதே பிரதிநிதிகள், திறமையாகச் செயல்பட்டார்கள். ஆட்களில் குறை இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மற்றொன்று, இந்த ஏற்பாடுகளைச் செய்யக் கூட்டமைப்பு விதிகள் காங்கிரஸுக்கு அதிகாரமே தரவில்லை. சட்டத்தின் சாயல் கூட இல்லாமல் இவை செய்யப்பட்டன என்று, புதிய அரசமைப்பை உருவாக்குவதில் முன்னின்ற ஜேம்ஸ் மேடிசனே பின்னர் எடுத்துக்காட்டினார். தேவை நெருக்கியதால் செய்தார்கள் என்பதை அவரும் மறுக்கவில்லை. ஆக, அந்த அரசின் மிகச் சிறந்த சாதனை, அதன் சட்டத்தைத் தாண்டிச் சென்ற இடத்தில் பிறந்தது. அதைச் சட்டத்துக்குப் பெருமையாக எண்ணிக் கொண்டுவந்த எதிரணிக்கு என் நன்றி.

இறுதியாக, நான் தள்ளி வைத்த கணக்கு. போருக்குப் பின் நாடு ஏழை, மாநிலங்கள் சுயநலமானவை, ஆகவே எந்தச் சட்டம் இருந்தாலும் பணம் வந்திருக்காது என்பது எதிரணியின் கூற்று. இதைச் சோதித்துப் பார்க்க வரலாறே ஒரு வாய்ப்பைத் தந்திருக்கிறது. 1787 மே முதல் செப்டம்பர் வரை பிலடெல்பியாவில் கூடி எழுதிய புதிய அரசமைப்பு, ஒன்பது மாநிலங்கள் இசைந்தால் போதும் என்று வைத்துக்கொண்டது; ரோட் ஐலண்ட் அந்த மாநாட்டுக்கு ஆளே அனுப்பவில்லை, ஆனால் அதற்காக எவரும் காத்திருக்கவில்லை. 1789 ஏப்ரல் 30-இல் வாஷிங்டன் பதவி ஏற்றார். ஜூலை 4-இல் இறக்குமதித் தீர்வைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மாநிலங்களிடம் கேட்கும் பேச்சே இல்லை. துறைமுகத்தில் சரக்கு இறக்குபவரிடம் அரசே நேரடியாக வாங்கும். 1791 முடிவதற்குள் சுங்கத்தில் மட்டும் சுமார் 44 லட்சம் டாலர் வந்து சேர்ந்தது. அதே மக்கள், அதே துறைமுகங்கள், அதே கப்பல்கள், அதே சர்க்கரையும் தேயிலையும் மதுவும். இடையில் யாருடைய மனமும் மாறிவிடவில்லை.

மனம் மாறவில்லை என்பதற்கு ஓர் ஆளையே சாட்சிக்கு அழைக்கிறேன். 1784 முதல் நியூயார்க் துறைமுகத்தில் மாநிலத்துக்காகச் சுங்கம் வசூலித்தவர் ஜான் லாம்ப். ஆளுநர் கிளின்டனின் அணியைச் சேர்ந்தவர். புதிய அரசமைப்பு வந்தபோது அதை எதிர்த்து நியூயார்க்கில் முன்னின்று குழு அமைத்துப் போராடியவர். 1789-இல் அதே துறைமுகத்துக்கு மத்திய அரசின் சுங்க அதிகாரியாக வாஷிங்டன் நியமித்தது அந்த ஜான் லாம்பைத்தான். அரசமைப்பை எதிர்த்த அவர், அந்த அரசமைப்பின் கீழ், அதே துறைமுகத்தில் உட்கார்ந்து, நாட்டின் கருவூலத்துக்குத் தீர்வை வசூலித்துக் கொடுத்தார். எனக்குப் பின் பேச வரும் எதிரணி நண்பர், சுயநலமே காரணம் என்று மீண்டும் சொல்வதற்கு முன், அந்த ஒரு மனிதரின் கையிலிருந்த பணம் 1786-இல் ஏன் காங்கிரஸுக்குப் போகவில்லை, 1789-இல் ஏன் போயிற்று என்பதற்கு மட்டும் நடுவர் அவர்களிடம் விளக்கம் தந்துவிட்டுத் தொடரட்டும். வணக்கம்.